குறைந்த செலவில் கேமிங் கணினி: சிங்கப்பூரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கும் வழி

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஏதாவது ஒரு கடையில் நின்று, "கேம் விளையாட ஒரு கணினி வேண்டும், ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குள்" என்று சொல்லிப் பாருங்கள். சில நிமிடங்களில் ஒரு கொட்டேஷன் (விலைப்பட்டியல்) கைக்கு வரும். "ஐ5, ஆர்டிஎக்ஸ், 16 ஜிபி ரேம், ஆர்ஜிபி கேசிங்" என்று அதில் எழுதியிருக்கும். எந்த ஐ5, எந்த ஆர்டிஎக்ஸ் என்பது இருக்காது. விசிறி எத்தனை நிறத்தில் ஒளிரும் என்பதை மட்டும் விரிவாகச் சொல்வார்கள்.

எனக்காக ஒன்று, பிறகு தேசிய சேவை முடித்து வந்த அக்காள் மகனுக்காக ஒன்று என்று இந்தக் கடைகளில் ஏறி இறங்கியதில் புரிந்தது இதுதான்: பணம் கைநழுவும் இடம், பெயரின் கடைசி எழுத்திலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபி எண்ணிலும் இருக்கிறது. முழுப் பெயரைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பாதி முடிந்த மாதிரி. கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். பெரும்பாலோர் நான்காம் படியில், அதாவது பிராசசரில் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் சிக்கல்.

1. முதலில் திரையையும் விளையாட்டையும் முடிவு செய்யுங்கள்

விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், சுட்ட குண்டு எங்கே படுகிறது என்ற கணக்கைப் பிராசசர் போடுகிறது. அந்தக் கணக்கைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. திரையில் புள்ளிகள் கூடினால் வரையும் வேலை கூடும், கணக்குப் போடும் வேலை அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே எந்தத் திரை என்று தெரியாமல் எந்தக் கார்டு என்று கேட்பதில் பொருளில்லை.

வேலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்றவை மட்டும்தான் உங்கள் விளையாட்டு என்றால், 24 அங்குல 1080பி (1920 x 1080 புள்ளி) திரையும் நடுத்தரக் கார்டும் போதும். வினாடிக்கு 144 பிரேமுக்கு (படத்துக்கு) மேல் வேண்டுமென்றால் நல்ல பிராசசர்தான் கை கொடுக்கும். சைபர்பங்க் 2077 மாதிரியான பெரிய கதை விளையாட்டுகள் வேண்டுமென்றால் பணத்தைக் கார்டில் போடுங்கள். 4கே திரை இந்த பட்ஜெட்டில் வேண்டாம். கடைக்காரர் மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

2. பணத்தைப் பங்கு பிரியுங்கள்

பெட்டிக்கு (திரை முதலியவை நீங்கலான கணினிக்கு) மட்டும் ஒதுக்கிய தொகையில் 35 முதல் 40 விழுக்காடு கிராபிக்ஸ் கார்டுக்கு, 15 முதல் 20 விழுக்காடு பிராசசருக்கு என்பது என் கணக்கு. மீதியில் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேசிங் எல்லாம் அடங்க வேண்டும். திரை, விசைப்பலகை, ஹெட்செட், விண்டோஸ் உரிமம் ஆகியவை பெட்டி விலையில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். விண்டோஸ் இல்லாமல் விலை சொல்வது பரவலான பழக்கம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், புதுக் கணினியில் அதைப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் 11 கேளுங்கள்.

ரேம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து மெமரி சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் பெருவாரியாக வாங்கியதுதான் காரணம். ஆகவே பழைய காணொளிகளில் சொல்லும் ரேம் விலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். கடைக்குப் போகும் வாரத்தில் விலை பார்த்து, அதன் பிறகு பங்கு பிரியுங்கள்.

3. கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுங்கள்

இந்த விலை வட்டத்தில் புதிதாகப் பார்க்க வேண்டியவை சில மட்டுமே.

இன்டெல் ஆர்க் பி580: கார்டிலேயே 12 ஜிபி மெமரி. 2024 டிசம்பரில் 249 அமெரிக்க டாலருக்கு அறிமுகமானது. விலைக்கு நல்ல சரக்கு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060: 8 ஜிபி, 2025 மே, 299 டாலர். இதற்குத் தம்பியாக 249 டாலருக்கு 5050 வந்திருக்கிறது. ஐம்பது டாலர் வித்தியாசத்துக்காக 5050க்கு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 2025 ஜூன். 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். என் வாக்கு 16 ஜிபிக்கு.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ: 2025 ஏப்ரல். 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். இங்கேயும் பெயர் ஒன்றே. 8 ஜிபியை அந்த விலைக்கு வாங்குவது வீண்.

மெமரி அளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், புதிய பெரிய விளையாட்டுகளில் உயர்ந்த டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கப் படங்கள்) வைத்தால் 1080பியிலேயே 8 ஜிபி நிறைந்துவிடுகிறது. நிறைந்ததும் கார்டு கணினியின் பொது ரேமிடம் கை நீட்டும். அப்போது சராசரி பிரேம் எண் நன்றாகவே தெரியும், ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் படம் விக்கும். விமர்சனம் படிக்கும்போது சராசரியை விட்டுவிட்டு "1 விழுக்காடு தாழ்வு" என்ற எண்ணை, அதாவது படம் மிக மெதுவாக வந்த தருணங்களின் பிரேம் எண்ணைப் பாருங்கள். டோட்டா, வேலோரண்ட் மட்டும் விளையாடுபவருக்கு 8 ஜிபி தாராளம்.

"ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் 200 பிரேம் வரும்" என்று யாராவது சொன்னால், அது இல்லாமல் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். இடையில் செருகும் பிரேம்கள் அசைவை வழுவழுப்பாகக் காட்டும், சுட்டியின் மறுவினையை வேகமாக்காது. முப்பது பிரேமில் திணறும் விளையாட்டை அது காப்பாற்றாது.

பெயரில் ஏமாற்றும் கார்டுகள் சில:

ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டு வகை. 2024இல் வந்த 6 ஜிபி வகையில் கோர்களும் (கணக்குப் போடும் கூறுகளும்) குறைவு, மெமரிப் பாதையும் குறுகல். ஒரு கடையில் எனக்கு எழுதிக்கொடுத்த கொட்டேஷனில் வெறும் "3050" என்றிருந்தது. எத்தனை ஜிபி என்று கேட்டதும் கடைக்காரர் அலமாரியைப் பார்க்காமலேயே பேச்சை மாற்றினார்.

ஆர்டிஎக்ஸ் 3060இலும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு. 8 ஜிபி வகையில் மெமரிப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைகிறது.

ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரளவில்தான் 580. உள்ளே இருப்பது 570க்கு இணையான சில்லு.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் நான்கு பிசிஐ பாதைகளில் (கார்டு மதர்போர்டோடு பேசும் தடங்களில்) ஓடுவது. பழைய மதர்போர்டில் போட்டால் இன்னும் தளரும்.

ஜிடி 730, ஜிடி 1030 ஆகியவை திரையில் படம் வரவைக்கும் கார்டுகள். கேமிங் கார்டு என்று சொல்லி விற்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏசி போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அறையில் பகல் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டும். அறை ஐந்து டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். இரண்டு விசிறி உள்ள சாதாரண வகையை எடுங்கள். மூன்று விசிறிக்கும் ஒளிரும் விளக்குக்கும் எண்பது வெள்ளி கூடக் கொடுப்பதைவிட, முன்பக்கம் வலையாக இருக்கும் கேசிங் வாங்குவது மேல். மின்கட்டணத்தை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. 300 வாட் இழுக்கும் கணினியைத் தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 36 யூனிட். யூனிட் சுமார் 30 காசு என்று வைத்தால் பதினோரு வெள்ளிக்குள். வாடகை அறையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டலாம்.

4. பிராசசரைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைச் சரடு) உள்ளதே இந்த பட்ஜெட்டுக்குச் சரியான அளவு. எட்டு கோருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கார்டுக்குப் போனால்தான் பலன் திரையில் தெரியும்.

மலிவான வழி, ஏஎம்டி ரைசன் 5 5600. பழைய ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம். பெட்டியில் கூலர் (குளிர்விக்கும் விசிறி) சேர்ந்தே வரும். இதற்கு நிகர் இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டுமே முடிந்துபோன சாக்கெட்டுகள். நாளை புதுத் தலைமுறைப் பிராசசருக்கு மாற நினைத்தால் மதர்போர்டையும் மாற்ற வேண்டிவரும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தப்பில்லை, வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் இருந்தால் இன்னும் நல்லது.

நீண்ட நாள் வழி, ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேம் மட்டும். இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆகவே சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டிடிஆர்5 விலைதான் இந்த வழியின் முள்.

கடைசி எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கார்டு வாங்கத்தான் போகிறீர்கள் என்பதால் பரவாயில்லை. ஆனால் கார்டு பழுதாகிச் சேவை மையத்துக்குப் போனால், அது திரும்பி வரும்வரை கணினியே இல்லை. படிப்புக்கும் இதே கணினி என்றால் சில வெள்ளி கூடப் போட்டு 7600 எடுங்கள். அதில் சிறிய கிராபிக்ஸ் உண்டு. இன்டெல்லில் "கே" என்று முடிந்தால் வேகத்தை ஏற்றலாம் என்று பொருள். கூலர் தனியே வாங்க வேண்டும், இந்த பட்ஜெட்டுக்கு அது தேவையே இல்லை.

இரண்டு பொறிகள். ரைசன் 5 5500ம் 5600ம் பெயரில் நூறு எண் வித்தியாசம்தான். ஆனால் 5500இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. விளையாட்டுகளில் இந்தக் கேஷ் நன்றாகவே பேசும். 5500இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, அதாவது அந்தப் பாதைகளின் பழைய, மெதுவான தலைமுறை மட்டுமே என்பது இன்னொரு குறை. அதேபோல ரைசன் 5 8400எஃப், பெயர் எண்ணில் 7500எஃபைத் தாண்டியிருந்தாலும் கேஷ் பாதிதான். கார்டுக்குக் கொடுக்கும் பாதைகளும் எட்டுதான். பெரிய எண் கண்டு மயங்காதீர்கள்.

"ஐ7 போட்டுத் தருகிறேன்" என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். எந்தத் தலைமுறை ஐ7? பத்தாம் தலைமுறை ஐ7ஐவிடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 விளையாட்டுக்கு மேலானது.

5. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

தனித்தனியே நல்ல பொருள்கள் சேர்ந்தால் மோசமாகும் இடம் இது. கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை.

ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்க் பி580 போன்றவை எட்டு பாதைகளில் மட்டும் பேசுகின்றன. பிசிஐ 4.0 உள்ள பலகையில் பெரிய நஷ்டமில்லை. பி450 மதர்போர்டிலோ ரைசன் 5 5500உடனோ போட்டால் 3.0 வேகத்தில் எட்டு பாதைகள், அதாவது பாதி அகலம். 8 ஜிபி மெமரி நிறைந்து பொது ரேமை நாடும் நேரத்தில்தான் இது அதிகம் வலிக்கும். ரைசன் 5600க்கு பி550 மதர்போர்டு கேளுங்கள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு பாதைகள் உண்டு என்பதால் பழைய பலகையிலும் ஓரளவு தாங்கும்.

பி580இன் நிபந்தனை இதுதான்: ரீசைசபிள் பார் என்ற வசதி (பிராசசரைக் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தடவையில் அணுக விடுவது) பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில் இயங்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பாதி உயிரோடுதான் ஓடும். அதன் டிரைவர் பிராசசருக்கு அதிக வேலை கொடுப்பதால், வலுக் குறைந்த பிராசசரோடு எதிர்பார்த்த பிரேம் வராத விளையாட்டுகளும் உண்டு. பழைய ரைசன் 2600 வைத்திருப்பவர் கார்டை மட்டும் மாற்ற நினைத்தால் பி580 வேண்டாம். 7500எஃப் உடன் வாங்குபவருக்கு நல்ல ஜோடி.

ஏஎம்4 பலகை கடையில் நெடுநாள் இருந்த சரக்கானால் பயாஸ் பழையதாக இருக்கலாம். ரைசன் 5000 பொருந்தும்படி பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லி, அதையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். ரேம் இரண்டு குச்சிகளாக வேண்டும். 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டால் மெமரி அகலம் பாதியாகிவிடும். பவர் சப்ளை, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 முதல் 650 வாட் போதும். நிறுவனப் பெயர் எழுதாமல் "600 வாட்" என்று மட்டும் இருந்தால் அதை அடித்துவிட்டு வேறு கேளுங்கள்.

6. நியாய விலையை நீங்களே கணக்கிடுங்கள்

அமெரிக்க அறிமுக விலை வரி சேராத விலை. அதை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, நம் 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்தால் ஒரு அளவுகோல் கிடைக்கும். ஒரு அமெரிக்க டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 249 டாலர் கார்டு சுமார் 353 வெள்ளி, 299 டாலர் கார்டு 424, 349 டாலர் கார்டு 495, 429 டாலர் கார்டு 608. வாங்கும் நாளின் விகிதத்தைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். இதற்கு மேல் முப்பது, நாற்பது வெள்ளி கேட்டால் உள்ளூர் உத்தரவாதத்துக்கான விலை என்று ஏற்கலாம். நூறு வெள்ளி தாண்டினால் அடுத்த கடை.

"இதற்கு மேல் ஜிஎஸ்டி" என்று கடைசி நிமிடத்தில் கூட்டுவதை ஏற்காதீர்கள். வரிக்குப் பதிவு செய்த கடை, வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரியைச் சேர்த்தே காட்ட வேண்டும். பதிவு செய்யாத கடை வரி வசூலிக்கவே கூடாது. கடன் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா, பேநவ் அல்லது நெட்ஸ் (உள்ளூர் மின்கட்டண முறைகள்) விலை வேறா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 400 வெள்ளி வரையிலான பொருளுக்கு இங்கே பதிவு செய்த விற்பனைத்தளம் வாங்கும்போதே வரியைப் பிடித்துவிடும். அதற்கு மேற்பட்ட பொருளுக்கு இங்கு வந்து சேரும்போது வரி, அதோடு கூரியரின் கையாளும் கட்டணம் வரலாம். கணினிப் பாகங்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் பழுதானால் உத்தரவாதத்துக்கு வாங்கிய நாட்டுக்கே அனுப்ப நேரலாம். பிராசசர் அபூர்வமாகத்தான் பழுதாகும், அதை வரவழைப்பதில் துணிச்சல் காட்டலாம். கார்டை உள்ளூரில் வாங்குங்கள்.

7. எங்கே, எப்போது

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சிம் லிம் ஸ்குவேர். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்துவிடலாம். காலையில் சீக்கிரம் போனால் பல கடைகள் திறந்திருக்காது, மதியத்துக்கு மேல் போங்கள். வார நாள் பிற்பகல் நல்லது. சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்ல மாட்டார்கள். குறைந்தது மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

இணையத் தளங்களில் 9.9, 11.11, 12.12 விற்பனை நாட்களில் கூப்பன்கள் சேர்ந்தால் கார்டு விலை நன்றாக இறங்குவதுண்டு. விற்பவர் உள்ளூர் விநியோகிப்பாளர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியும் மே, ஜூன் வாக்கில் தைப்பேயின் கம்ப்யூடெக்ஸும் நடக்கும். புதிய கார்டுகள் அங்கே அறிவிக்கப்படலாம். அவசரமில்லையென்றால் அந்த நேரத்தில் இரண்டு வாரம் பொறுங்கள்.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயர்: தயாரிப்பாளர், மாடல், ஜிபி அளவு. ரசீதில் அதே பெயர்களோடு கார்டு, பிராசசர், மதர்போர்டு ஆகியவற்றின் வரிசை எண்கள். பிராசசர் பெட்டியில் வந்ததா, டிரேயில் (சில்லறைப் பெட்டி இல்லாமல் மொத்தச் சரக்காக) வந்ததா என்பதும் ரசீதில் இருக்கட்டும். பெட்டியில் வரும் ஏஎம்டி, இன்டெல் பிராசசர்களுக்கு வழக்கமாக மூன்றாண்டு தயாரிப்பாளர் உத்தரவாதம் உண்டு. டிரே என்றால் கடை என்ன சொல்கிறதோ அதுதான். உள்ளூர் விநியோகிப்பாளரின் ஸ்டிக்கர் கார்டில் இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள், கிழிக்காதீர்கள். கடையே விற்கும் "கூடுதல் உத்தரவாதம்" வேண்டாம்.

முன்பணம் கேட்டால், பொருள் வராவிட்டால் திரும்பத் தருவார்களா என்பதை எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள். எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் வாங்கினால் பூட்டும் கூலி பெரும்பாலும் இலவசம் அல்லது சொற்பம். பூட்டுவதற்கு முன் பெட்டிகளை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விற்கும் நாளில் அவற்றுக்கும் விலை உண்டு.

9. பழைய கார்டு வாங்குவதானால்

பழைய பொருள்களை விற்கும் கேரோசல் தளத்தில் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை கிடைக்கும். எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கலாம் என்பவரிடம் கார்டு வாங்காதீர்கள், அங்கே எதில் பொருத்திப் பார்ப்பீர்கள்? விற்பவர் வீட்டில், கணினியில் பொருத்திய நிலையில், கால் மணி நேரம் விளையாட்டு ஓடவிட்டுப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் உள்ளே உண்மையில் என்ன சில்லு என்று தெரிந்துவிடும். பழைய சில்லில் புதுப் பெயரை எழுதிவைத்த போலிக் கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். "முன்பணம் பேநவ் செய்தால் எடுத்து வைக்கிறேன்" என்றால் பதில் எழுத வேண்டாம்.

பழைய இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் எச்சரிக்கை. மின்னழுத்தக் கோளாறால் நிலையிழந்தவை அவற்றில் உண்டு. 2024இல் இன்டெல் இவற்றின் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியது. அசல் ரசீது கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

10. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

திரையின் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கினால்தான் ரேம் விளம்பரப்படுத்திய வேகத்தில் ஓடும். விண்டோஸ் அமைப்பில் திரையை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் 60இலேயே நின்றுவிடலாம். வேலோரண்ட் விளையாடுபவர்கள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும், விண்டோஸ் 11இல் அவை இல்லாமல் அது ஓடாது. ஜிபியு-இசட்டில் தெரியும் பெயரையும் ஜிபி அளவையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். கார்டையும் பிராசசரையும் சேர்த்து ஓரிரு மணி நேரம் கடுமையாக ஓடவிடுங்கள். பழுது இருந்தால் இப்போதே தெரியட்டும்.

பழுது தெரிந்தால் முதல் முறையீடு கடைக்கு, எழுத்து மூலமாக. கடையிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைதான். கடை விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும், கேரோசலில் தனியாரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. கடை மசியவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும், இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். அப்போது அவர்கள் கேட்பவை ரசீது, கொட்டேஷன், கடையோடு நடந்த குறுஞ்செய்தி உரையாடல் ஆகியவற்றின் நகல்கள்.